ஒரு மங்கல் சூப்பர்நோவா, ஒரு ‘பாக்கலாம்’

திங்கட்கிழமை வேலைக்குச் சேரப்போகும் மூன்று பேருக்கும் வணக்கம். நான் வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறேன். நடுவில் இரண்டு நாள் விடுமுறை, அதனால் நாம் நேரில் சந்திக்க வழியில்லை. கடவுச்சொற்கள், படங்களை இறக்கும் முறை, ஏ.சி.யை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்பதெல்லாம் அலமாரியில் உள்ள நீலக் கோப்பில் இருக்கின்றன. கோப்பில் எழுத முடியாத ஒன்று மிச்சமிருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்று தெரியும். எனக்கு இருபத்தேழு வயது. ஆனால் இந்த அறையில் நான்கு வருடம் தாக்குப்பிடித்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கணக்கில் மூத்த குடிமகள் நான்தான்.

முதலில் உங்கள் வீட்டாரின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். இது பகல் வேலை. நம் தொலைநோக்கி வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கொட்டகைக்குள் இருக்கிறது. இருட்டியதும் கூரை தானாகத் திறக்கும். அது பட்டியல்படி ஒவ்வொரு கேலக்ஸியாகப் படமெடுத்துவிட்டு, விடிவதற்குள் மூடிக்கொள்ளும். நாம் காந்திபுரத்தில், பேக்கரிக்கு மேல் மாடியில், காலை ஒன்பதரைக்கு வந்து அந்தப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிடுவோம். பழையதில் இல்லாத புள்ளி புதியதில் இருந்தால் அது சூப்பர்நோவாவாக இருக்கலாம். அதாவது, ஏதோ ஒரு தொலைதூர கேலக்ஸியில் ஒரு விண்மீன் வெடித்திருக்கலாம். பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெரும்பாலும்தான் வேலை.

என் அம்மா சொந்தக்காரர்களிடம் நான் நட்சத்திரம் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். நம் ஜன்னலிலிருந்து தெரிவது எதிர் லாட்ஜின் பெயர்ப்பலகை மட்டும். அதிலும் இரண்டு எழுத்து எரியாது.

சேர்ந்த மூன்றாவது வாரம் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு சுருள் கேலக்ஸியின் ஓரத்தில் புதுப் புள்ளி. பத்து நிமிடத்தில் பன்னாட்டுப் பட்டியலுக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். பதினோராவது நிமிடம் கீழே பேக்கரியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் படத்தில் அந்தப் புள்ளி சற்றுத் தள்ளி நின்றது. சூப்பர்நோவாக்கள் நடப்பதில்லை. அது ஒரு சிறுகோள். யாரோ எப்போதோ கண்டுபிடித்து எண்ணும் கொடுத்துவிட்ட சிறுகோள். தன் வழியில் போய்க்கொண்டிருந்ததை நான் வழிமறித்து வாழ்த்தியிருக்கிறேன். அறிக்கையைத் திரும்பப் பெற விண்ணப்பம் உண்டு. மைசூர்பாகைத் திரும்பப் பெற எதுவும் கிடையாது. அன்றிலிருந்து இரண்டு நாள் படத்தில் ஒரே இடத்தில் நிற்காத எதையும் இந்த அறை வெளியே சொல்வதில்லை. நீலக் கோப்பில் இது விதி எண் ஒன்று. எப்படி வந்த விதி என்று அங்கே எழுதவில்லை.

இனி செக்கிங் அக்கா. ஜன்னலோர மேசை அவருடையது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் துணி செக்கிங் பார்த்தவர். கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப் லைட் எரியும். அதன்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். நம் முதலாளி பம்ப்செட் செய்கிறவர். வானத்தின்மேல் ஆசைப்பட்டு இந்த இடத்தை நடத்துகிறார். ஒருமுறை வேறு வேலையாக அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அக்கா இயந்திரத்தை நிறுத்தி ஓட்டையின்மேல் விரலை வைத்துக் காட்டிய பிறகும் அவருக்கு ஓட்டை தெரியவில்லை. மறுவாரம் அக்கா இங்கே வந்துவிட்டார். மூன்று மாதம் சோதனைக் காலம். பட்டங்கள் என்னிடம் இருந்ததால் கோப்புப்படி நான் அவருக்கு மேலதிகாரி. சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல அவர் ‘அம்மணி’ என்று கூப்பிடும் மேலதிகாரி.

அக்காவிடம் ஒரு சிக்கல் இருந்தது. அடிக்கடி நிறுத்துவார். பனியன் கம்பெனியில் சந்தேகம் வந்தால் நிறுத்துவது நல்ல பழக்கம். இங்கே ஒவ்வொரு சந்தேகத்தையும் சரிபார்க்க எனக்கு அரை நாள் போகும். இரண்டு மாதத்தில் அவர் காட்டியவற்றில் கேமரா கோளாறு இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது, எனக்கு ஏற்கெனவே அறிமுகமான சிறுகோள் இருந்தது, சூப்பர்நோவா இல்லை. போதாக்குறைக்கு அதே சமயத்தில் புது மென்பொருள் வந்து சேர்ந்தது. அது சந்தேகப்படுவதே இல்லை. உண்டு அல்லது இல்லை.

முதலாளி வந்தபோது அக்காவின் சோதனைக் காலம் முடியப்போகிறதே, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் புது மென்பொருளை ஒருமுறை பார்த்தார், அக்காவின் மேசையை ஒருமுறை பார்த்தார்.

“மாசக் கடைசில பாக்கலாமுங்க” என்றார்.

உங்களில் ஒருவர் சென்னைக்காரர் என்று கேள்விப்பட்டேன். அவருக்காக இந்தச் சொல்லை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதை இல்லை. ‘பாக்கலாமுங்க’ என்பார்கள். நான் அந்தியூர்க்காரி. எங்கள் ஊர்க் குதிரைச் சந்தையில் ஒருவர் குதிரையைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, விலையையும் கேட்டுவிட்டு ‘பாக்கலாமுங்க’ என்றால், விற்கிறவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். பெண் கேட்டுப் போன வீட்டில் ‘பாக்கலாமுங்க’ என்றால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் உட்கார்ந்திருந்தால்தான் சங்கடம்.

ஆகவே அந்த வார்த்தையோடு அக்காவின் வேலை முடிந்தது என்று அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அக்காவுக்கு எல்லோருக்கும் முன்னால் புரிந்தது. அன்று மதியமே பழைய கம்பெனிக்குப் போன் செய்து, தன் மேசையில் யாரையாவது உட்கார வைத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டார். ஒன்றாம் தேதிவரை வைத்திருப்பதாகச் சொன்னார்களாம்.

இது நடந்தது வைகாசிக் கடைசியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டார். நமக்கு ஏறத்தாழ நேர்முகமாகத் திரும்பியிருக்கும் ஒரு சுருள் கேலக்ஸி. பத்துக்கோடி ஒளியாண்டு தூரம். அதன் வெளிக் கைகளில் ஒன்றில் புள்ளி இருப்பதாகச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். அப்போதும் தெரியவில்லை. அக்கா படத்தைச் சின்னதாக்கச் சொன்னார். மென்பொருள் அந்த இடத்தில் எதையோ கண்டு, ‘இல்லை’ வரிசையின் கடைசியில் தள்ளியிருந்தது. புதுப் படத்திலிருந்து பழையதைக் கழித்துப் பார்த்தபோது, ஆமாம், தூசி மாதிரி ஒன்று.

செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில் நின்றது. நடக்கவில்லை. விதி எண் ஒன்று நிறைவேறியது.

ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது. அவ்வளவு தூரத்தில் வழக்கமான ஒரு சூப்பர்நோவா வெடித்திருந்தால் இதைவிட நூறு மடங்கு பிரகாசமாக இருக்கவேண்டும். இது சூப்பர்நோவா என்றால் மிகவும் சோகையான சூப்பர்நோவா. அப்படியும் சில உண்டு. வெடிக்கத் தொடங்கி, பாதியில் மனம் மாறியவை. அபூர்வம், வேகமாக மங்கிவிடும். உறுதிசெய்ய ஒரே வழி அந்த ஒளியைப் பிரித்துப் பார்ப்பது. அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் ‘ஐயத்துக்குரியது’ என்று ஒரு வரி விழும், எப்போதும் அப்படியே கிடக்கும். ஐயத்துக்குரிய ஒன்றைக் காட்டி முதலாளியிடம் அக்காவுக்காகப் பேசமுடியாது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

பட்டியலில் அக்கா பெயரைப் போட்டு அறிக்கை அனுப்பினேன். பிறகு மலைமேல் பெரிய தொலைநோக்கி இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அங்கே இரவுப் பணி விஞ்ஞானி. சிறுகோள் விவகாரத்தால் நம் பெயர் அங்கே ஏற்கெனவே பிரபலம். நான் விவரத்தைச் சொன்னேன், இருக்கும் இடத்தை எண்களில் வாசித்தேன், புள்ளிக்கு அம்புக்குறி போட்ட படத்தை அனுப்புவதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“பாக்கலாம்.”

போனை வைத்தேன். மறுத்தது கூடப் பரவாயில்லை. அதில் மரியாதைக்கு ஒரு ‘ங்க’கூட இல்லை.

என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். அப்படியே சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

“அவ்வளவுதான் அம்மணி, விடு. பெரிய எடத்துல இருக்கறவிய, வேற எப்படிச் சொல்லுவாங்க?”

இரண்டு பேர் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்தால் அது சரியாக இருக்கும் என்று நான் நம்பியிருந்த காலம் அது. இரண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கம் என்றால் அது ஒரே ஆள் இரண்டு முறை யோசித்ததுதான். அம்புக்குறி போட்ட படம் தயாராகத்தான் இருந்தது. வேண்டாம் என்றவரிடம் படத்தை நீட்டுவது அநாகரிகம் என்று அனுப்பவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாங்கள் துக்கம் காத்தோம். பேக்கரியில் டீ குடித்தோம். அக்கா தன் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார்: ஒரு சீப்பு, இரண்டு தைல பாட்டில், நான் கொடுத்த வானியல் அகராதி. அகராதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உறை போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு மலையிலிருந்து போன் வந்தது. அவரேதான்.

“என்னம்மா, படம் அனுப்புதேன்னு சொன்னீங்க, மூணு நாளாச்சு, வரவே இல்லையே?”

“நீங்க பாக்கலாம்னு சொல்லிட்டீங்களே சார்.”

“ஆமா.”

“அதான் அனுப்பலைங்க சார்.”

அவர் சிறு குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“பாக்கலாம்னா, பாக்கலாம்னுதானம்மா அர்த்தம்? எங்க வேலையே பாக்கதுதான?”

தொலைநோக்கி வைத்திருக்கும் ஒரு மனிதர் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் அதற்கு ‘பார்க்கலாம்’ என்றும் பொருள் இருக்கக்கூடும் என்பது, இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் அடுத்துச் சொன்னது இன்னும் மோசம். புதன்கிழமை இரவு, நான் வாசித்த எண்களை வைத்து அவராகவே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவ்வளவு மங்கலான புள்ளியை அம்புக்குறி இல்லாமல் கண்டுபிடிக்க முடியவில்லை. வியாழன் மலையில் மேகம். இன்று இருட்டியதும் அரை மணி நேரம் காலியாக இருக்கிறது; அதற்குமேல் கேலக்ஸி மேற்கே இறங்கிவிடும்; நாளையிலிருந்து வேறு குழுவின் முறை, இரண்டு வாரத்துக்கு. புள்ளி இன்னும் இருந்தால் ஐந்தரைக்குள் படம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்த அரை மணியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

இருந்தால். பிரச்சினை அதில்தான் இருந்தது.

முந்தைய இரவுப் படத்தைத் திறந்தேன். தோட்டத்தில் காற்று தொலைநோக்கியையே ஆட்டியிருக்கிறது. ஒவ்வொரு விண்மீனும் முட்டை வடிவில் இருந்தது. மென்பொருள் தீர்ப்பு சொல்லிவிட்டிருந்தது: அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை. இந்த வகை வேகமாக மங்கும் என்று சொன்னேனே, மூன்று நாளில் நம் தொலைநோக்கிக்கு எட்டாமல் மங்கியிருக்கலாம். அல்லது முதலிலிருந்தே அது கேமராவின் ஏதோ விளையாட்டாக இருக்கலாம். ஒன்றுமில்லாத இடத்துக்கு அம்புக்குறி போட்டு அனுப்பினால் இரண்டாவது முறை ஆகிவிடும். மூன்றாவது முறை போனை எடுக்கமாட்டார்கள். எனக்கு மட்டுமல்ல, இந்த அறையிலிருந்து உங்களில் யார் போன் செய்தாலும்.

அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ‘பாக்கலாம்’ பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, இப்படியும் ஒரு ஊர் இருக்கிறதா என்பதுபோலப் பார்த்தார். படத்தைக் காட்டி, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கும் அம்மணி” என்றார்.

இதையும் சென்னைக்காரர் கவனிக்கவேண்டும். ‘இருக்கும்’ என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், உன் மனசு நோகவேண்டாம் என்று சொல்கிறேன் என்பதும் அதில் அடங்கும். என் வாழ்க்கையில் நான் அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசியது அப்போது மட்டும்தான்.

“இருக்கும்னா எனக்குப் பத்தாதுங்கக்கா. இருக்குதா, இல்லையா?”

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் திரையை இழுக்கச் சொன்னார். நான் எப்போதும் செய்வதுபோலப் பெரிதாக்கி முறைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சுட்டியைப் பிடித்து, மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி மேலிருந்து கீழே. ஒரே சீராக, நிறுத்தாமல். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. துணி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற துணியில் அவர் ஒருநாளும் ஓட்டை தேடியதில்லை. ஓடும்போது மற்றதெல்லாம் கலைந்துபோகும், விட்டுப்போன கண்ணி மட்டும் கூடவே ஓடும்.

நாலே முக்கால். கீழே டவுன் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஓட்டிக்கொண்டே இருந்தார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அவர் கை நின்றது. விரலைத் திரைமேல் வைத்தார்.

“இருக்குது.”

அம்மணி இல்லை. ‘ங்க’ இல்லை. எனக்கு அந்த விரலுக்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை. மென்பொருளுக்கும் தெரியவில்லை. பெரும்பான்மை எங்கள் பக்கம்தான் இருந்தது.

நான் திங்கட்கிழமைப் படத்தில் அம்புக்குறியை மறுபடி சரிபார்த்து அனுப்பினேன். ஐந்து மணி பத்து நிமிடம். உடன் ஒரு வரி எழுதினேன்: ‘இன்று மிகவும் மங்கல். ஆனால் இருக்கிறது.’ ‘இருக்கலாம்’ என்று எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். நான் பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று எழுதியது முறையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதியவள் நான், பார்த்தவர் அவர், அதற்குத்தான் இரண்டு நாற்காலி.

மறுநாள் சனிக்கிழமை. விடுமுறை நாளில் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்திருந்தோம். ஏன் வந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்குப் போன் வந்தது. அரை மணி நேரமும் அதன்மேலேயே வைத்திருந்தாராம். சூப்பர்நோவாதான். மிக மங்கலான, பாதியில் நின்ற வகை. வெளிச்சத்தைப் பிரித்த கோடுகளைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் சாப்பிடப் போகவில்லையாம். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். அக்காவின் முழுப் பெயரைச் சொன்னேன், எழுத்துக் கூட்டி. எந்தக் கல்லூரி என்று கேட்டார். பனியன் கம்பெனி என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். திருநெல்வேலிக்காரர்களிடம் இது ஒரு வசதி. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார். படத்தைத் திரையில் போட்டேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“எங்கீங்க? எனக்கொண்ணும் தெரியலீங்களே” என்றார்.

அக்கா எழுந்து வந்து விரலை வைத்தார். அப்போதும் தெரியவில்லை. முதலாளிக்கு அது பழக்கமான அனுபவம். திருப்பூரிலும் இதேதான் நடந்தது. நிமிர்ந்து, அக்காவைக் காட்டி என்னிடம், “அவிய இருக்கட்டுமுங்க” என்றார். மாசக் கடைசி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவர் போன பிறகு அக்கா இழுப்பறையைத் திறந்து சீப்பையும் தைல பாட்டில்களையும் அடுக்கினார். அகராதியை நானே எடுத்துக் கொடுத்தேன். பிறகு பழைய கம்பெனிக்குப் போன் செய்தார். அவருடைய மேசையை இனி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த மாதம் பாக்கலாமுங்க என்றார். அந்தப் பக்கம் அவர்களுக்கும் புரிந்திருக்கும்.

அன்று மாலை டீ குடிக்கும்போது, பாதியில் நின்ற வெடிப்பு என்றால் என்ன என்று கேட்டார். இப்படி வெடிக்கும் விண்மீன் சில சமயம் முழுசாகச் சிதறுவதில்லை, நடுவில் ஒரு துண்டு தப்பிப் பிழைக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள் என்றேன். வெளிச்சமெல்லாம் அடங்கின பிறகு, சில வருடம் கழித்து, இன்னும் பெரிய தொலைநோக்கியில் தேடினால் தெரியவரலாம். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்தத் துண்டு இன்னும் அங்கயே இருக்குமா அம்மணி?”

“பாக்கலாமுங்கக்கா.”

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார், படத்தில் புள்ளி தேடுவதுபோல.

“எந்தப் பாக்கலாம்?”

நான் அடுத்த வாரம் அந்த மலைக்குத்தான் வேலைக்குப் போகிறேன். திங்கட்கிழமை ஜன்னலோர மேசையில் இருப்பவரிடம் அதைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியும், இருந்தாலும் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.